பதினாலாவது வடை

உட்காருங்கள் அக்கா, இந்தப் பக்கம் வெயில் வராது. உங்கள் டோக்கன் என்ன, நாற்பத்திரண்டா? எனக்கு நாற்பத்தொன்று. இப்போதுதான் பதினெட்டு போயிருக்கிறது. புதன்கிழமை வந்தால் கோவில்பட்டியில் இருக்கிற அத்தனை கைக்குழந்தையும் இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வரும் போலிருக்கிறது.

உங்களுக்கு இது எத்தனையாவது? மூன்றாவதா! அதுதான் இப்படி ஆற அமர உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு இது முதல். பெயர் நந்து. ஒன்பது மாதம், தட்டம்மை ஊசி. இதற்கு முன்னால் போட்ட ஊசிக்கெல்லாம் நான் வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டேன், என் மாமியார்தான் உள்ளே பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு மாமியார் வரவில்லை. அது தனிக்கதை. இல்லை, யோசித்தால் எல்லாம் ஒரே கதைதான்.

டேய், கவரை விடு! விடுடா! அக்கா, அந்தக் கவரைக் கொஞ்சம் உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறீர்களா? பேப்பரைக் கண்டால் இவனுக்குப் பைத்தியம். போன மாதம் காய்ச்சலில் அழுகை நிற்கவே இல்லை. கிலுகிலுப்பை ஆட்டினேன், பாடினேன், ஆடக்கூட ஆடினேன். கடைசியில் ஒரு பழைய நியூஸ்பேப்பரைக் கையில் கொடுத்தால், பரபரவென்று கிழித்துவிட்டுச் சிரிக்கிறான். இப்போது எங்கள் வீட்டில் கேலண்டரில் மார்ச் மாதமே கிடையாது. ஆனால் இந்தக் கவரை மட்டும் கிழித்தான் என்றால் நான் தொலைந்தேன். மூன்று மணிக்குள் பிரின்ஸிபால் கையில் இது இருக்கவேண்டும். என் வேலையே இதற்குள்தான் இருக்கிறது.

என்ன, பன்னா? எனக்கா? ஐயோ, வேண்டாம் அக்கா. நீங்கள் சாப்பிடுங்கள். மிச்சம்தானா? சரி, மிச்சம் என்றால் கொடுங்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட... நல்ல பன் அக்கா.

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் கெஸ்ட் லெக்சரர். சிஸ்டர்மார் நடத்துகிற கல்லூரி, பெயர் வேண்டாம். முதலாமாண்டு பி.காம் பிள்ளைகளுக்குப் பொருளியல். நுண்ணியல், பேரியல் இரண்டும் ஒரே பேப்பர். நுண்ணியல் என்றால் ஒரு ஆள், ஒரு வடை, வாங்குவானா மாட்டானா. பேரியல் என்றால் நாடு முழுக்க எத்தனை வடை, யார் சுட்டது, யார் தின்றது. அவ்வளவுதான் அக்கா. ஐந்து வருடம் படித்ததை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. வடை என்று உதாரணம் சொன்னதில்தான் வினையே வந்தது.

பிரின்ஸிபால் பெயர் பெர்க்மான்ஸ் சிஸ்டர். ஹாஸ்டலும் அவர் பொறுப்புதான். நானும் கான்வென்ட்டில் படித்தவள், அதனால் வெள்ளை அங்கியைப் பார்த்தால் இன்னமும் என் முட்டி இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். சிரிக்காதீர்கள். பிரசவ வார்டில் நர்ஸ் உள்ளே வந்தபோது அந்த வலியிலும் கட்டிலை விட்டு எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னேன். அந்தம்மா என்னை மனநல டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள்.

இந்த வருடம் எங்கள் துறையில் கெஸ்ட் லெக்சரர் இரண்டு பேர். நானும் ரூபாவதி மிஸ்ஸும். ஜூன் மாதத்திலிருந்து ஒருத்தர்தான். இருவருடைய வகுப்பையும் வெளியூர்க் குழு ஒன்று வந்து பார்க்கும், யார் நன்றாக நடத்துகிறாரோ அவருக்கு வேலை. எனக்கு அந்த வேலை வேண்டும் அக்கா. இவன் அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மழை பிடித்தால் குச்சி காயாது, குச்சி காயாவிட்டால் அவரும் வீட்டில். பருவகால வேலையின்மை என்று நான் போர்டில் எழுதுகிறேனே, அது லுங்கி கட்டிக்கொண்டு என் வீட்டு ஹாலில் படுத்திருக்கும்.

இருபதா? இருபதுதான் கூப்பிடுகிறார்களா? பாருங்கள், அந்தக் குழந்தை எப்படி வீறிடுகிறது. இவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். இவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன் அக்கா, பேச்சை நிறுத்தினால் எனக்கு மயக்கம் வந்துவிடும்.

மாமியார் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் ஒரு சாயங்காலம். அத்தை தொட்டிலை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள். நான் மறுநாள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டு இருந்தேன். வீட்டில் பெண்கள் கூலி வாங்காமல் செய்கிற வேலை நாட்டு வருமானக் கணக்கில் சேராது என்று ஒரு வரி. அதைப் படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். விளக்கம் வேறு சொன்னேன். "அதாவது அத்தை, நீங்க காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு இட்லி ஊத்துறீங்க, பிள்ளையப் பாக்குறீங்க, இதெல்லாம் கணக்குல வராது."

தொட்டில் நின்றுவிட்டது.

"யார் சேக்கல? நீயா?"

"நான் இல்ல அத்தை, சர்க்கார்."

"சர்க்காருக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நீதான காலேஜ்ல சொல்லிக் குடுக்க?"

"இது புஸ்தகத்துல இருக்கு அத்தை. இதே வேலைய அடுத்த வீட்டுல கூலிக்குச் செஞ்சா கணக்குல வந்துரும்."

அத்தை மறுபடி தொட்டிலை ஆட்ட ஆரம்பித்தார்கள். அடுத்த நாள் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாயிடம் போய், "என் பேரனை நீ பாரு, உன் பேரனை நான் பாக்கேன், நீ எனக்கு நூறு குடு, நான் உனக்கு நூறு குடுக்கேன், நாட்டுக்கு நல்லதாம்" என்று சொல்லி, பிள்ளைகளை மாற்றியே விட்டார்கள்! ஒரு பகல் முழுக்க இந்த வீட்டில் அந்தப் பிள்ளை கத்துகிறது, அந்த வீட்டில் இவன் கத்துகிறான். நாட்டு வருமானம் ஏறியதோ என்னவோ, சாயங்காலம் இரண்டு பிள்ளைக்கும் தொண்டை கட்டியிருந்தது.

அதற்கு அடுத்த நாளிலிருந்து காலையில் இட்லி கிடையாது. "கணக்குல வராத இட்லிய எதுக்கு ஊத்தணும்?" என்று ஒரே கேள்வி. பிள்ளையை மட்டும் பார்த்துக்கொள்வார்கள். "அவன் என் கணக்குல வருவான்." இன்றைக்கு ஊசிக்கு வாங்க அத்தை என்று கூப்பிட்டேன். "ஊசிக்குக் கூட்டிட்டுப் போறது கணக்குல வருமா?" என்றார்கள். வராது என்று எனக்குத் தெரியும். பொய் சொல்ல வரவில்லை. வந்துவிட்டேன்.

சரி, காலைச் சாப்பாடு இப்படிப் போயிற்றா? நான் எழுந்து செய்யலாம் என்றால் இவன் விடியற்காலையில் என் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடப்பான். இவன் அப்பா டீக்கடையில் இரண்டு பஜ்ஜியோடு முடித்துக்கொள்வார். நான் அப்படியே கல்லூரிக்கு ஓடுவேன். மூன்றாம் நாள் தேவைக்கோடு பாடம். விலை ஏற ஏறத் தேவை குறையும், மற்றவை மாறாதிருந்தால். எங்கள் பாடத்தில் எதைச் சொன்னாலும் கடைசியில் மற்றவை மாறாதிருந்தால் என்று ஒரு வால் ஒட்டிவிடவேண்டும், அப்போதுதான் தப்பாகாது. கோடு இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சரிந்து வரும். வரைந்தேன். கோட்டோடு நானும் சரிந்தேன். பிள்ளைகள் அதையும் பாடம் என்று நினைத்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு பிள்ளைதான் எழுந்து வந்து தண்ணீர் தெளித்தது. முனீஸ்வரி. விளாத்திகுளம் பக்கம் ஏதோ கரிசல்காட்டு ஊர், ஹாஸ்டலில் இருக்கிறது. கட்டணச் சலுகையில் படிக்கிற பிள்ளை. ஒல்லியாக ஒரு பென்சில் மாதிரி இருக்கும். அடுத்த நாள் காலையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு சின்ன டிபன் பாக்ஸோடு நிற்கிறது.

"மிஸ், சாப்பிடுங்க. நாலு இட்லி."

"எனக்கு எதுக்குடி?"

"மெஸ்ஸுல மிச்சம் மிஸ். பால் குடுக்கிறவங்க வெறும் வயித்தோட இருக்கக்கூடாது. எங்கக்கா அப்பிடித்தான் மயங்கி விழுந்தா."

மிச்சம் என்றால் வேண்டாம் என்று சொல்வானேன்? அளிப்பு தேவையை மிஞ்சினால் உபரி. உபரி வீணாகக் கூடாது. நான் சாப்பிட்டேன். அன்றையிலிருந்து தினமும் நாலு இட்லி, மிளகாய்ப்பொடி. கல்லூரி நடந்த நாளெல்லாம், இரண்டு மாதம். ஒருநாள் மட்டும், "என்னடி, உங்க மெஸ்ஸுல சட்னியே கிடையாதா?" என்று கேட்டேன். "இருக்கும் மிஸ், டப்பாவுல கொட்டிரும்" என்றது. நல்ல பிள்ளைதான் அக்கா. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு மாதிரி.

ஒருநாள் பொருளாதாரச் சுழலோட்டம் என்று படம் வரைந்தேன். இந்தப் பக்கம் குடும்பங்கள் என்று ஒரு கட்டம், அந்தப் பக்கம் நிறுவனங்கள் என்று ஒரு கட்டம், நடுவில் வட்டமாக அம்புக்குறி. பணம் இப்படிப் போகும், பொருள் அப்படி வரும். இவள் எழுந்து, "மிஸ், இதுல ஹாஸ்டல் எங்க இருக்கு?" என்கிறாள். "சிலபஸில் ஹாஸ்டல் இல்லை, உட்கார்" என்றேன்.

இன்னொரு நாள் வாய்ப்புச் செலவு. ஒன்றை எடுத்துக்கொள்ள எதை விட்டுக்கொடுத்தோமோ அதுதான் அதனுடைய உண்மையான விலை. எல்லாரையும் ஒரு உதாரணம் சொல்லச் சொன்னேன். ஹெப்சிபா என்று ஒரு பிள்ளை, "சீரியல் பாத்தா தூக்கம் போயிரும் மிஸ்" என்றது. சரி. முனீஸ்வரி முறை வந்தது. எழுந்து நின்று என்னையே பார்க்கிறாள். பிறகு, "எனக்கு நல்லாத் தெரியும் மிஸ், ஆனா சொல்ல மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். என்ன திமிர் பாருங்கள்! இன்டர்னலில் இரண்டு மார்க் குறைத்தேன்.

முப்பது வந்துவிட்டதா? கடவுளே. வேகமாகப் போகிறார்களே! அந்த நர்ஸம்மா ஏன் வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கிறார்? நந்து, அங்கே பார்க்காதே, இங்கே பார், இந்தப் பெரியம்மா வளையலைப் பார்.

குழு வருவதற்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். நான் எடுத்துக்கொண்டது குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பெயர்தான் ரயில் நீளம், விஷயம் இவ்வளவுதான்: பசிக்கும்போது முதல் வடை அமிர்தம், இரண்டாவது நன்றாக இருக்கும், மூன்றாவது பரவாயில்லை, ஆறாவதை நீட்டினால் கையெடுத்துக் கும்பிடுவோம். இதை ஒரு பிள்ளையைத் தின்னவைத்தே காட்டினால் குழு அசந்துவிடும் என்று நினைத்தேன். ரூபாவதி மிஸ் பணவீக்கத்துக்குப் பலூன் ஊதப் போவதாகச் செய்தி வந்திருந்தது. பலூனுக்கு வடை எவ்வளவோ மேல்.

ஒத்திகைக்கு வடை இல்லை, கடலைமிட்டாய் வாங்கிப் போனேன். நம் ஊரில் வேறென்ன வாங்குவது? ஹெப்சிபாவை முன்னால் கூப்பிட்டேன். "சாப்பிடு. பத்துக்கு எத்தனை மார்க் சொல்." அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மைனஸ் பத்து மிஸ்" என்றாள். முதல் துண்டுக்கே! விசாரித்தால் அவள் அப்பாவுக்குக் கடலைமிட்டாய்த் தொழில். பிறந்ததிலிருந்து பாகு வாசனையிலேயே வளர்ந்திருக்கிறாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே கதை. கோவில்பட்டியில் கடலைமிட்டாயை வைத்துப் பொருளியல் நடத்தப் போன முட்டாள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆக, பொருளை மாற்றினேன்: கேன்டீன் உளுந்த வடை. ஆளையும் மாற்றினேன். பிள்ளைகள் எல்லாரும், "முனீஸ்வரிய கூப்பிடுங்க மிஸ், அவ எதையும் வேண்டாம்னு சொல்ல மாட்டா" என்றார்கள். எனக்கும் சரியென்று பட்டது. யோசித்துப் பாருங்கள். தினமும் நாலு நாலு இட்லி மிஞ்சுகிற ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? நாலாவது வடையில் நின்றுவிடும். அழகாகக் கோடு இறங்கும். போர்டில் முன்கூட்டியே எழுதியும் வைத்துவிட்டேன்: பத்து, எட்டு, ஐந்து, இரண்டு, சைபர்.

போன வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை. மதுரையிலிருந்து மூன்று பேர். ஒருவர் வழுக்கைத் தலைப் பேராசிரியர், ஒரு கண்ணாடி போட்ட அம்மா, மூன்றாவது ஆள் கடைசிவரை யார் என்றே தெரியவில்லை, பிஸ்கட் மட்டும் தின்றார். பெர்க்மான்ஸ் சிஸ்டர் அவர்கள் பக்கத்தில். முனீஸ்வரி முன்னால் நாற்காலியில். ஒரு தட்டு வடை.

முதல் வடை. "எத்தனை?" "பத்து மிஸ்." சரி. எழுதினேன்.

இரண்டாவது. "பத்து மிஸ்."

நான் சிரித்துக்கொண்டே, "நன்றாக யோசித்துச் சொல்" என்றேன். யோசித்தாள். "பத்துதான் மிஸ்."

மூன்று, பத்து. நாலு, பத்து. ஐந்தாவதில், நான் சைபர் எழுதி வைத்திருக்கிற இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு மென்றுவிட்டு, "பதினொண்ணு மிஸ்" என்றாள். வழுக்கைத்தலை சார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் போர்டை அழித்து அழித்து எழுதுகிறேன், கோடு கூரையைப் பார்த்து ஏறுகிறது. குனிந்து அவள் காதில், "போதும்னு சொல்லுடி" என்றேன். அவளும் என் காதில், ரொம்ப மரியாதையாக, "எத்தனாவதுல சொல்லணும் மிஸ்?" என்கிறாள்.

அது அந்தப் பிஸ்கட்காரருக்குக் கூடக் கேட்டுவிட்டது.

தட்டு காலி. இதோடு முடிந்தது என்று நினைத்தால், கேன்டீன் சொர்ணம் அண்ணன் ஜன்னல் வழியாக இன்னொரு தட்டை நீட்டுகிறார், "பிள்ளை சாப்பிடுறத பாத்தா எனக்கே சந்தோசமா இருக்கு மிஸ்" என்று! எட்டு. ஒன்பது. பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பத்து! பதினொண்ணு! கபடி மைதானம் மாதிரி சத்தம். பதினாலாவது வடையைத் தின்றுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்து, "பன்னெண்டு மிஸ். சட்னி இருந்திருந்தா இன்னும் ரெண்டு சேத்துக் குடுக்கலாம்" என்றாள்.

வழுக்கைத்தலை சார் எழுந்து வந்து மிச்சமிருந்த ஒரு வடையை எடுத்துக் கடித்தார். "எனக்கு ஒண்ணுலயே எண்ணெய் எதுக்களிக்குது. இந்தப் பொண்ணுக்கு இறங்குதுன்னா..." என்று நிறுத்திவிட்டு சிஸ்டர் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், உங்க ஹாஸ்டல்ல காலையில என்ன போடுறீங்க?"

அந்த ஒரு கேள்விதான் அக்கா. சிஸ்டர் முகம் சிவந்துவிட்டது. "ஆளுக்கு நாலு இட்லி. எண்ணி வைக்கிறோம். ஒண்ணு குறையாது, ஒண்ணு மிஞ்சாது. முனீஸ்வரி, காலையில் சாப்பிட்டாயா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சாப்பிட்டேன் சிஸ்டர்."

"எத்தனை?"

"நாலு சிஸ்டர்."

சிஸ்டர் மிஞ்சாது என்று பெருமைக்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். மிஞ்சாமலா எனக்குத் தினமும் வருகிறது! ஆனால் அவரைத் திருத்துகிற தைரியம் எனக்கு ஏது, முட்டி சேர்ந்துகொண்டு நிற்கிறேன்.

குழு போனதும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். குழுவுக்கு முன்னால் ஹாஸ்டலின் மானம் போய்விட்டது. இதில் தவறு யாருடையது என்று புதன்கிழமை மூன்று மணிக்குள் எழுத்தில் வேண்டும். தவறு என்னுடையது என்றால் ரூபாவதி மிஸ்ஸுக்கு வேலை. பிள்ளை வேண்டுமென்றே செய்த குறும்பு என்றால் என் வகுப்பில் குற்றமில்லை, நான் இருக்கலாம். ஆனால் பிள்ளையின் கட்டணச் சலுகையை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

எழுதிவிட்டேன். இந்தக் கவருக்குள் இருப்பது அதுதான். மூன்று பக்கம், கான்வென்ட் கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது. காலையில் நாலு இட்லி தின்றதாக அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். வயிறு நிறைந்த பிள்ளை பதினாலு வடை தின்றால் அது குறும்பு இல்லாமல் வேறென்ன? விதி தப்பாது அக்கா. நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க எல்லாக் கல்லூரியிலும் நடத்துகிற விதி கோவில்பட்டியில் வந்து தப்புமா? அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அவள் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு நின்றாள். நான் வாங்கவில்லை. "கொண்டுபோ" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனாள். நேற்றும் வந்தாள். எவ்வளவு தைரியம்!

நாற்பதா? நாற்பதைக் கூப்பிட்டுவிட்டார்களா? அடுத்தது நாங்கள்தானே. அக்கா, இவன் இன்னும் சிரிக்கிறான். பாருங்கள். ஏதாவது பேசுங்கள், நானே இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? சரியாகக் கேட்கவில்லை, இந்தப் பிள்ளைகள் அழுகிற சத்தத்தில்.

அந்தப் பிள்ளையா? காலையில் என்ன சாப்பிடுமா?

ஹாஸ்டல் சாப்பாடுதான். அதுதான் சொன்னேனே. ஆளுக்கு நாலு இட்லி, எண்ணி வைப்பார்கள், ஒண்ணு குறையாது, ஒண்ணு மிஞ்...

நாலு.

எனக்குக் கொண்டுவந்ததும் நாலுதான் அக்கா.

இருங்கள். கொஞ்சம் இருங்கள். மிச்சம் என்று அவள்தான் சொன்னாள். அவள் வாயால் சொன்னாள். நான் கேட்டேனா? நான் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்கவில்லை. சட்னி ஏன் இல்லை என்றுதான் கேட்டேன்.

இரண்டு மாதம் அக்கா. தினமும் அவள் வகுப்பில் முதல் பெஞ்சில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு நான் வாய்ப்புச் செலவு நடத்துகிறேன். உதாரணம் தெரியும், சொல்ல மாட்டேன் என்றாளே. அதற்கு இரண்டு மார்க் குறைத்தேன். முதல் வடையிலிருந்து பதினாலாவது வடைவரை அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு பொய்தான் சொன்னாள், நாலு சிஸ்டர் என்று, அதுவும் எனக்காக. அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

விதி ஒன்றும் தப்பவில்லை. மற்றவை மாறாதிருந்தால் என்று வால் ஒட்டியிருக்கிறதே. மற்றதை நான் தின்றுகொண்டிருந்தேன்.

அக்கா.

இந்த பன். மிச்சம் என்றீர்கள்.

காலையில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள் அக்கா, சொல்லுங்கள். டீயா? வெறும் டீயா? கையில் பிள்ளை, எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு பஸ் ஏறினீர்களோ... இந்தாருங்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் பாதிதான் தின்றிருக்கிறேன். என் எச்சில் படாத பக்கம் இதுதான். பிடியுங்கள். வாங்கிக்கொள்ளாவிட்டால் நான் இங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன், இத்தனை பிள்ளைகளோடு சேர்ந்து.

நாற்பத்தொன்று! ஆமாம் சிஸ்டர், குட்மார்னிங் சிஸ்டர், நாங்கள்தான், இதோ வருகிறோம்.

அக்கா, அந்தக் கவரை எடுங்கள். இல்லை, என்னிடம் இல்லை, இவனிடம் கொடுங்கள். ஆமாம், தெரிந்துதான் சொல்கிறேன். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இனி எழுதப் போவது மூன்று பக்கம் வராது, நாலு வரி போதும். இட்லி தின்றது நான் என்று எழுதுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஜூனில் ரூபாவதி மிஸ் பலூன் ஊதட்டும். நான் வீட்டில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மாவாட்டுகிறேன், கணக்கில் வராவிட்டால் போகட்டும். அதற்கு முன்னால் அத்தையிடம் ஒரு டிபன் பாக்ஸ் இட்லி கேட்கவேண்டும், நாலு இல்லை, பதினாலு, சட்னியோடு.

நந்து, இந்தாடா. கிழி. உனக்குத்தான், பயப்படாமல் கிழி. பரபரவென்று கிழி.

கூட வருகிறீர்களா? வேண்டாம் அக்கா, நானே பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் முதலில் அந்த பன்னைச் சாப்பிடுங்கள்.